ஒடுகத்தூர் மாணவரும் ஹானர்ஸ் பட்டமும்: நிபந்தனைகளின் காலக்கணக்கு

பி.எஸ்சி. ஹானர்ஸ் அக்ரி, பி.ஏ. எல்எல்.பி. ஹானர்ஸ், பி.இ. ஹானர்ஸ், புதிய நான்காண்டுக் கட்டமைப்பின் பி.காம். ஹானர்ஸ். நான்கு பட்டங்களின் பெயரிலும் ஒரே சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஒன்றில் சேர்ந்தாலே ஹானர்ஸ் கிடைத்துவிடும். இன்னொன்றில் எட்டுத் தாள்கள் கூடுதலாகப் படிக்க வேண்டும். மூன்றாவதில் முதல் செமஸ்டரில் விழுந்த ஒரே ஓர் அரியர் போதும், ஹானர்ஸ் கைவிட்டுப் போகும். நான்காவதில் அது ஓர் ஆண்டுக் கூடுதல் படிப்பைக் குறிக்கிறது. வேலூர் மாவட்டத்தின் தென்கோடியில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் ஒடுகத்தூரிலிருந்து பிளஸ் டூ முடித்து வரும் ஒருவருக்கு இந்த வேறுபாடுகளை யாரும் வரிசைப்படுத்திச் சொல்வதில்லை.

ஹானர்ஸ் என்றாலே அதிக மதிப்பெண் எடுப்பவருக்கான பட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது பாதி உண்மை. விதிகளை எடுத்துவைத்துப் பார்த்தால், பெரும்பாலான நிபந்தனைகள் மதிப்பெண்ணைவிடத் தேதியோடுதான் அதிகம் கட்டுண்டிருக்கின்றன. எந்த வகுப்பில் எந்தக் குரூப் எடுத்தோம், எந்த மாதத்தில் எந்த நுழைவுத்தேர்வுக்கு விண்ணப்பித்தோம், எந்தத் தாளை முதல் முறையிலேயே தேறினோம் என்பவைதான் முடிவு செய்கின்றன. வீட்டில் படித்தவர் இருந்தால் இந்தத் தேதிகள் தாமாகவே காதில் விழும். அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் வீட்டில் விழாது. இந்தக் கட்டுரை அந்தத் தேதிகளைத் தேடி எடுத்து அடுக்குகிறது. தமிழ்நாட்டுக்கு ஹானர்ஸ் தேவையா, தேவையென்றால் எப்படிப்பட்டது என்ற கேள்வியையும் கடைசியில் எழுப்புகிறது.

பழைய மெட்ராஸ் ஹானர்ஸ்

ஹானர்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சென்னைப் பல்கலைக்கழகம் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மரபைப் பின்பற்றிச் சாதாரணப் பட்டம், ஹானர்ஸ் பட்டம் என்று இரண்டு தடங்களை நடத்தியது. இன்டர்மீடியட் முடித்தவர் இரண்டு ஆண்டுகளில் சாதாரண பி.ஏ. வாங்கலாம். ஹானர்ஸ் எடுத்தால் மூன்று ஆண்டுகள், ஒரே துறையில் ஆழமான படிப்பு. மாநிலக் கல்லூரி போன்ற சில கல்லூரிகளில் மட்டுமே அதற்கு வசதி இருந்தது.

அந்தத் தடத்தின் பலனைக் காட்ட ஒருவர் போதும். சுப்பிரமணியன் சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் இயற்பியல் ஹானர்ஸ் மாணவராக இருந்தபோது, 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் சாமர்ஃபெல்டு அங்கு வந்து உரையாற்றினார். புதிய குவாண்டம் இயற்பியலைத் தாமே படித்துத் தெரிந்துகொண்ட சந்திரசேகர், அடுத்த ஆண்டே லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் கட்டுரை வெளியிட்டார். பட்டம் வாங்கியது 1930இல். அதாவது அந்தக் கட்டுரை வெளிவந்தபோது அவர் இளநிலை மாணவர். ஒரே துறையில் ஊன்றிப் படிக்க நேரம், நல்ல நூலகம், வெளியிலிருந்து வந்துபோகும் அறிஞர்கள் என்ற மூன்றும் சேர்ந்த இடத்தில் அது நடந்தது.

அந்த மூன்றும் வேலூர்ப் பக்கத்தில் இல்லை. சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் வேலூர் ஊரிஸ் கல்லூரியில் எஃப்.ஏ. படித்தார். அதற்கு மேல் படிக்கச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குப் போனார். பி.ஏ., எம்.ஏ. இரண்டும் அங்கேதான். உயர்ந்த பட்டம் வேண்டுமென்றால் பாலாற்றங்கரையை விட்டு ரயில் ஏற வேண்டும் என்ற நிலைமைக்கு நூறாண்டு கடந்த வரலாறு உண்டு. இன்டர்மீடியட் போய் பி.யூ.சி. வந்த காலத்துக்குப் பிறகு மெட்ராஸ் ஹானர்ஸ் மெல்ல மறைந்தது. மூன்றாண்டு இளநிலை, இரண்டாண்டு முதுநிலை என்ற அமைப்பு நிலைத்தது. ஆழம் முதுநிலைக்குப் போயிற்று. இளநிலை எல்லோருக்கும் பொதுவானது. இந்த இழப்போடு ஓர் ஆதாயமும் வந்தது. ஊருக்கு அருகிலேயே பட்டப்படிப்பு கிடைத்தது. வாணியம்பாடி இஸ்லாமியா, ஆம்பூர் மஸ்ஹருல் உலூம், குடியாத்தம் அரசு திருமகள் ஆலைக் கல்லூரி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரி, காட்பாடி ஆக்சீலியம் என்று இந்த வட்டாரத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியவை மூன்றாண்டுப் பட்டம் தந்த கல்லூரிகள்தான்.

பெயரிலேயே ஹானர்ஸ்: வேளாண்மையும் சட்டமும்

இன்று தமிழ்நாட்டில் ஹானர்ஸ் என்று கேட்டால் முதலில் கண்ணில் படுவது வேளாண்மை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் ஐந்தாவது டீன்கள் குழு பரிந்துரைத்த பாடத்திட்டத்துக்குப் பிறகு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் பட்டம் பி.எஸ்சி. ஹானர்ஸ் என்று வழங்கப்படுகிறது. இதில் சாதாரணத் தடம், ஹானர்ஸ் தடம் என்ற பிரிவு கிடையாது. சேர்ந்து தேறிய அனைவருக்கும் அதே பட்டம். கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு வேலை செய்யும் பயிற்சியும் எல்லோருக்கும் உண்டு. ஆக, உண்மையான நிபந்தனை நுழைவாயிலில் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துக் கவுன்சலிங் நடக்கிறது. அந்தக் கவுன்சலிங்கில் நிற்பதற்கே பொதுவாக அறிவியல் குரூப் வேண்டும். அந்த முடிவை மாணவர் எடுப்பது பிளஸ் ஒன் சேரும்போது, பதினைந்து வயதில். பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து இறங்கி வந்து படிக்கும் பிள்ளைகளுக்கு, எட்டும் தூரத்தில் இருக்கும் பள்ளியில் எந்தக் குரூப் நடக்கிறதோ அதுதான் குரூப். சாமை விளையும் மலையிலிருந்து வரும் பிள்ளை வேளாண்மை ஹானர்ஸுக்குப் போக முடியுமா என்பது இரண்டாண்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

சட்டப் படிப்பில் குரூப் தொந்தரவு இல்லை. எந்தப் பாடம் படித்தவரும் ஐந்தாண்டுச் சட்டப்படிப்புக்கு வரலாம். இங்கே ஹானர்ஸ் என்பதற்கு இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டுச் சட்டக் கல்வி விதிகள் தெளிவான பொருள் தருகின்றன. கட்டாயப் பாடங்களுக்கும் விருப்பப் பாடங்களுக்கும் மேலே, ஹானர்ஸ் பிரிவிலிருந்து எட்டுத் தாள்கள். தமிழ்நாட்டில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளி சென்னையில் இந்தப் பட்டத்தைத் தருகிறது. திருச்சியிலுள்ள தமிழ்நாடு தேசியச் சட்டப் பல்கலைக்கழகமும் தருகிறது. அரசு சட்டக் கல்லூரிகளில் சாதாரணப் பட்டம்.

தேதிச் சிக்கல் இங்கே வேறு வடிவில் வருகிறது. சீர்மிகு சட்டப் பள்ளிக்குப் பிளஸ் டூ மதிப்பெண் போதும், முடிவு வந்தபின் விண்ணப்பிக்கலாம். திருச்சிக்குப் போக கிளாட் நுழைவுத்தேர்வு எழுத வேண்டும். அண்மை ஆண்டுகளில் அந்தத் தேர்வு டிசம்பரின் தொடக்கத்தில் நடக்கிறது. பொதுத்தேர்வு மார்ச்சில். பள்ளி முழுக்கப் பொதுத்தேர்வு நினைவிலேயே இருக்கும்போது, அதற்கு மூன்று மாதம் முன்பே ஓர் ஆங்கில நுழைவுத்தேர்வு முடிந்துபோகிறது. அரசுப் பள்ளி மாணவர் பலருக்கு அந்தத் தேர்வு நடந்ததே மே மாதத்தில்தான் தெரியவருகிறது.

இதில் ஒரு முரண் உண்டு. இந்தியாவில் எந்த ஊர்ச் சட்ட மாணவரும் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும்போது வேலூரைப் படித்தே தீர வேண்டும். தோல் பதனிடும் ஆலைகளின் மாசுக்கு எதிராக வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புதான், மாசுபடுத்துபவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கொள்கையையும் முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. 2025 ஜனவரி 30இல் அதே தோல் பதனிடும் வட்டாரத்தின் மாசு குறித்து, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கச் சொல்லி மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது. பாடத்துக்கு ஊர் போய்விட்டது. ஊர்ப்பிள்ளைகள் பாடத்துக்குப் போகும் வழிதான் இன்னும் குறுகல்.

கூடுதல் கிரெடிட் ஹானர்ஸ்: பொறியியல்

பொறியியலில் ஹானர்ஸ் என்பது முழுக்க முழுக்க மாணவர் தாமாகத் தேர்ந்தெடுக்கும் கூடுதல் சுமை. தொழில்நுட்பக் கல்வியை முறைப்படுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் பி.டெக். பட்டத்துக்கு 160 கிரெடிட் என்று வரையறுத்து, அதற்கு மேல் 20 கிரெடிட் எடுப்பவருக்கு ஹானர்ஸ் அல்லது மைனர் தரலாம் என்றது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளுக்கான 2021 ஒழுங்குமுறை இதைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டது. அதன்படி மூன்று நிபந்தனைகள். தம் துறையிலேயே 18 கிரெடிட் கூடுதலாக எடுக்க வேண்டும். சி.ஜி.பி.ஏ. 7.5க்குக் குறையக் கூடாது. எல்லாத் தாள்களையும் முதல் முறையிலேயே தேறியிருக்க வேண்டும்.

மாணவர்கள் பேசிக்கொள்வது 7.5 பற்றி. வெட்டுவது மூன்றாவது நிபந்தனை. கூடுதல் தாள்களை எடுப்பது ஐந்தாம் செமஸ்டரில்தான் தொடங்குகிறது. ஆகையால் பெரும்பாலான மாணவர்கள் ஹானர்ஸ் என்ற சொல்லையே மூன்றாம் ஆண்டில்தான் கேட்கிறார்கள். அதற்குள் முதல் செமஸ்டரின் எம்-ஒன் கணக்குத் தாளிலோ இயற்பியலிலோ ஓர் அரியர் விழுந்திருந்தால் கதவு எப்போதோ மூடிவிட்டது. தமிழ் வழியில் பன்னிரண்டு ஆண்டு படித்து, முதல் செமஸ்டரில் ஆங்கிலத்தில் வகுப்பைக் கேட்டுப் பழகுவதற்குள் பருவத்தேர்வு வந்துவிடுகிறது. அந்தத் தடுமாற்றம் இரண்டாம் ஆண்டில் சரியாகிவிடும். பின்னால் 8.5 சி.ஜி.பி.ஏ. எடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விதி திரும்பிப் பார்ப்பதில்லை. பழகிக்கொள்ளச் சிறிது காலம் தேவைப்படும் மாணவரையே முதலில் வெளியே நிறுத்தும் விதி இது. திறமை இல்லாதவரை வடிகட்டுவதற்கு 7.5 என்ற அளவே போதுமானது. அதற்கு மேல் முதல்முறைத் தேர்ச்சியையும் எட்டுச் செமஸ்டருக்கும் நிபந்தனையாக வைப்பதில் கல்வி நியாயம் தெரியவில்லை. ஐந்தாம் செமஸ்டர் முதலான தாள்களுக்கு மட்டும் அதை வைத்தால் விதியின் நோக்கமும் கெடாது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் பாகாயம் தந்தை பெரியார் அரசு தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் சேரும் மாணவருக்கு, கவுன்சலிங் முடிந்த முதல் வாரத்திலேயே இந்த மூன்றாவது நிபந்தனையைச் சொல்லிவிட வேண்டும். செலவில்லாத வேலை. ஆனால் வழக்கத்தில் இல்லை.

நான்காம் ஆண்டு ஹானர்ஸ்

இன்று நாடெங்கும் விவாதிக்கப்படுவது வேறொரு ஹானர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட், நான்காண்டு ஹானர்ஸுக்கு 160. தேசிய கிரெடிட் கட்டமைப்பு ஓர் ஆண்டுக்கு 1,200 கற்றல் மணி, 40 கிரெடிட் என்று கணக்கு வைக்கிறது. நான்காம் ஆண்டில் இரண்டு கிளைகள். முதல் ஆறு செமஸ்டரில் 75 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவர் 12 கிரெடிட் ஆய்வேடு எழுதி ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் வாங்கலாம். மற்றவர் அந்த 12 கிரெடிட்டுக்கு மூன்று தாள்கள் படித்துச் சாதாரண ஹானர்ஸ் வாங்கலாம். ஆக 75 விழுக்காடு என்பது நான்காம் ஆண்டுக்குள் நுழைவதற்கான தடை என்று பலர் நினைப்பது தவறு. ஆய்வுக் கிளைக்கு மட்டும்தான் அந்த அளவு. ஆனால் இங்கேயும் முதல் செமஸ்டர் மதிப்பெண்ணுக்கும் ஆறாம் செமஸ்டர் மதிப்பெண்ணுக்கும் ஒரே எடை.

இந்தக் கட்டமைப்பை மாநிலங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொண்டன. டெல்லிப் பல்கலைக்கழகம் செமஸ்டருக்கு 22 கிரெடிட் வீதம் நான்காண்டுக்கு 176 என்று வைத்தது. அங்கே சேர சி.யு.இ.டி. நுழைவுத்தேர்வு வேண்டும். கேரளம் 2024 ஜூலையில் தொடங்கியபோது மூன்றாண்டுக்கு 133, ஹானர்ஸுக்கு 177 என்று வகுத்தது. ஆந்திரத்திலும் நான்காண்டு ஹானர்ஸ் இருக்கிறது. கர்நாடகம் 2021-22இல் எல்லோருக்கும் முன்னால் தொடங்கி, சுகதேவ் தோரட் தலைமையிலான குழுவின் இடைக்கால அறிக்கைக்குப் பின் 2024 மே மாதத்தில் மூன்றாண்டுக்கே திரும்பியது. டெல்லிப் பல்கலைக்கழகமும் 2013இல் நான்காண்டுப் படிப்பைக் கொண்டுவந்து, 2014 ஜூனில் கைவிட்ட அனுபவம் உடையது. கொள்கை மாறும் ஒவ்வொரு முறையும் நடுவில் சிக்குவது ஏற்கெனவே சேர்ந்துவிட்ட மாணவர். விண்ணப்பிக்கும் முன் அந்தப் பல்கலைக்கழகத்தில் நான்காம் ஆண்டு உண்மையிலேயே நடக்கிறதா, விளம்பரத்தில் மட்டும்தான் இருக்கிறதா என்று ஒடுகத்தூர்ப் பெற்றோர் கேட்டுக்கொள்வதில் தவறில்லை.

இந்தக் கட்டமைப்புக்கு அடிப்படையான தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும் கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டம்தான் தொடர்கிறது. மாநில அரசுக்கென்று தனிக் கல்விக் கொள்கை வகுக்க நீதிபதி டி. முருகேசன் தலைமையில் 2022இல் குழு அமைக்கப்பட்டது. 2024 ஜூலையில் அறிக்கை தரப்பட்டது. 2025 ஆகஸ்ட் 8இல் பள்ளிக் கல்விக்கான பகுதி வெளியானது.

யாழ்ப்பாணத்து வழி

நான்காண்டு ஹானர்ஸைப் பற்றிப் பேசும்போது நாம் டெல்லியையும் அமெரிக்காவையும் பார்க்கிறோம். தமிழிலேயே அந்த அனுபவம் நீண்ட காலமாக இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் இலங்கையின் பிற பல்கலைக்கழகங்களிலும் மூன்றாண்டுப் பொதுப் பட்டம், நான்காண்டுச் சிறப்புப் பட்டம் என்ற இரு தடங்கள் உண்டு. இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு மூன்றாண்டுப் பட்டத்தை ஐந்தாம் நிலையிலும் 90 கிரெடிட்டிலும், ஹானர்ஸ் பட்டத்தை ஆறாம் நிலையிலும் 120 கிரெடிட்டிலும் வைக்கிறது. கலைப்பீடத்தில் முதல் ஆண்டில் பல பாடங்களைப் படித்துவிட்டு, அதில் எடுத்த புள்ளிகளைக் கொண்டு சிறப்புத் தடத்துக்குத் தெரிவு நடப்பது அங்கே நெடுநாள் வழக்கம். தமிழ், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களில் சிறப்புப் பட்டத்துக்கு ஆய்வேடு எழுதுவார்கள். அங்கிருந்து வந்த ஈழத் தமிழறிஞர் பலருடைய ஆய்வுப் பழக்கம் இளநிலையிலேயே தொடங்கியதற்கு இந்த ஏற்பாடு ஒரு காரணம்.

இந்த முறையின் நன்மை, மாணவர் உள்ளே வந்தபிறகு தெரிவு நடக்கிறது என்பது. எந்தத் துறை தனக்குப் பொருந்தும் என்பதை ஓராண்டு படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். தீமை, முதல் ஆண்டில் தடுமாறியவருக்கு அங்கேயும் இரண்டாம் வாய்ப்பு குறைவு.

நான்காம் ஆண்டு என்ன தருகிறது?

ஆதாயங்களை நிதானமாகக் கணக்குப் போடுவோம். மானியக் குழுவின் 2024 முதுநிலைக் கட்டமைப்பின்படி நான்காண்டு முடித்தவர் ஓராண்டில் முதுநிலைப் பட்டம் வாங்கலாம். நான்கும் ஒன்றும் ஐந்து. தமிழ்நாட்டில் மூன்றும் இரண்டும் ஐந்து. காலத்தில் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை.

அடுத்து பிஎச்.டி. 2022 நவம்பரில் வந்த ஒழுங்குமுறை, நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு எடுத்தவர் நேராக பிஎச்.டி.க்குப் போகலாம் என்றது. எஸ்.சி., எஸ்.டி., ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள் முதலிய பிரிவினருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. நெட் தேர்வும் எழுதலாம் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. இங்கே ஒரு வருடம் மிச்சம். ஆனால் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறை, 55 விழுக்காட்டோடு முதுநிலைப் பட்டம் கேட்கிறது. கல்லூரியில் பாடம் நடத்துவதே இலக்கு என்றால், முதுநிலையைத் தாண்டிக் குதிக்கும் முன் அந்த விதியை வாசித்துக்கொள்ள வேண்டும்.

இனிச் செலவு. தோல் வட்டாரத்தில் இருபது வயது ஆணோ பெண்ணோ ஓர் ஆண்டு தாமதிப்பது என்பது வீட்டுக்கு வரவேண்டிய ஓர் ஆண்டுக் கம்பெனிச் சம்பளம் வராமல் போவது. ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளின் வண்டி காலையில் ஊருக்குள்ளேயே வந்து ஆளேற்றிக்கொண்டு போகிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் ரூ.1,000 பேருந்துக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் தாங்கும். சம்பளத்துக்கு ஈடாகாது. மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் பட்டம் இருந்தால் டி.என்.பி.எஸ்.சி. எழுதலாம், பி.எட். போகலாம், வேலை பார்த்துக்கொண்டே தொலைநிலையில் முதுநிலை படிக்கலாம். மூன்றாண்டுப் பட்டத்தை விட்டுவிடக் கூடாது என்று தமிழ்நாடு சொல்வதில் இந்த வாழ்க்கைக் கணக்கின் நியாயம் இருக்கிறது.

கல்லூரியின் பக்கமும் செலவு உண்டு. ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ் நடத்த, ஆய்வு வழிகாட்டும் தகுதியுள்ள நிரந்தர ஆசிரியர்கள் துறையில் வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களை நம்பி ஓடும் அரசுக் கல்லூரித் துறைகளில் அது எளிதல்ல. நான்காம் ஆண்டை அப்படியே கொண்டுவந்தால், அது சென்னையிலும் கோவையிலும் சில தன்னாட்சிக் கல்லூரிகளுக்குள் ஒதுங்கிவிடும். ராதாகிருஷ்ணன் காலத்து நிலைமை திரும்ப வரும்.

மூன்றாண்டுக்குள் ஒரு ஹானர்ஸ்

மறுப்பதோடு விவாதம் முடிந்துவிடுவதில்லை. நான்காம் ஆண்டு வேண்டாம் என்பதற்கான காரணங்கள் வலுவானவை. இளநிலையில் ஆழமான படிப்பே வேண்டாம் என்பதற்கு அவை காரணமாகா. சந்திரசேகருக்குக் கிடைத்த ஊன்றிப் படிக்கும் வாய்ப்பு, ஒடுகத்தூரிலிருந்து குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ தினமும் பேருந்தில் போய்வரும் மாணவருக்கும் ஒரு சிறு அளவிலாவது கிடைக்க வேண்டும்.

தமிழ்நாட்டின் மூன்றாண்டுப் பட்டம் ஐந்து பகுதிகளாகப் பொதுவாக 140 கிரெடிட் கொண்டது. மானியக் குழுவின் மூன்றாண்டு அளவான 120ஐவிட 20 அதிகம், நான்காண்டு அளவான 160ஐவிட 20 குறைவு. இரண்டு கணக்குகளும் ஒரே வகைப்பட்டவை அல்ல, ஆகவே எண்ணைக் கூட்டினால் மட்டும் நான்காண்டுப் பட்டத்துக்கு நிகராகிவிடாது. ஆனாலும் நம் மாணவர் ஏற்கெனவே சுமக்கும் பாரத்தின் அளவை இந்த ஒப்பீடு காட்டுகிறது. விரும்புகிறவர் மூன்றாம் செமஸ்டரிலிருந்து ஆறாம் செமஸ்டருக்குள் மேலும் 20 கிரெடிட் எடுக்க வழி செய்யலாம். இரண்டு உயர்நிலைத் தாள்களுக்கு எட்டு, ஓர் ஆய்வேட்டுக்குப் பன்னிரண்டு. அண்ணா பல்கலைக்கழகம் பொறியியலில் செய்வதைக் கலை, அறிவியலுக்கும் கொண்டுவருவது இது, முதல்முறைத் தேர்ச்சி என்ற முள்ளை எடுத்துவிட்டு. முதல் இரண்டு செமஸ்டர் அரியரைக் கணக்கில் கொள்ளாமல், மூன்றாம் செமஸ்டர் முதலான மதிப்பெண்ணை மட்டும் பார்க்க வேண்டும்.

மதிப்பிடுவதற்கு அமெரிக்காவின் சுவார்த்மோர் கல்லூரியிடமிருந்து ஒரு பாடம் எடுக்கலாம். அங்கே 1922இல் ஃபிராங்க் ஏடெலாட் தொடங்கிய ஹானர்ஸ் திட்டத்தில், பாடம் நடத்தியவர் தேர்வு நடத்துவதில்லை. வெளியிலிருந்து வரும் அறிஞர்கள் மாணவரைக் கேள்வி கேட்டு மதிப்பிடுகிறார்கள். இன்டர்னல் மார்க்குக்காக ஆசிரியரைச் சுற்றிவரும் பழக்கம் இங்கே இருப்பதை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாடு நமக்குத்தான் கூடுதலாகத் தேவை. திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரிகள் ஒன்றுக்கொன்று தேர்வாளரை அனுப்பிக்கொள்ளலாம். வேதியியல் ஆய்வேடு என்றால் அடையாற்றிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து ஒருவரை அழைக்கலாம். 1948இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கும் இந்த வட்டாரத்துக்கும் உறவு புதிதல்ல.

ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமே இல்லை. பாலாற்றங்கரைக் கிணறுகளின் உப்பையும் குரோமியத்தையும் ஒரு வேதியியல் மாணவி பருவந்தோறும் அளக்கலாம். ஷூ மேல்பாகத்தை வீட்டிலேயே தைத்துக்கொடுக்கும் பெண்களின் கூலியைப் பொருளியல் மாணவர் எழுதலாம். வெள்ளிக்கிழமை ஒடுகத்தூர் ஆட்டுச் சந்தையில் விலை எப்படி ஏறி இறங்குகிறது, ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் என்ன மாற்றம் என்பது வணிகவியலுக்கு ஓர் ஆய்வேடு. ஆம்பூர், வாணியம்பாடித் தெருக்களில் உருதுவும் தமிழும் கலந்து ஓடும் பேச்சு மொழியியலுக்கு. மலையாளிப் பழங்குடியினரின் சாமைச் சாகுபடி தாவரவியலுக்கு. வீட்டிலிருந்து பேருந்து தூரத்துக்குள் முடியும் ஆய்வுகள் இவை. இந்த வட்டாரத்தைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிய அறிக்கைகள் ஏராளம். இங்கேயே பிறந்து, யார் எதை மறைப்பார்கள், யாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எழுதும்போது கிடைக்கும் தகவலே வேறாக இருக்கும்.

இந்த ஹானர்ஸ் பிஎச்.டி.க்குக் குறுக்குவழி தராது, அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒரு கேள்வியை எடுத்து, ஓராண்டு அதோடு மல்லுக்கட்டி, நாற்பது பக்கம் எழுதி, தெரியாத ஒருவர் முன்னால் நின்று பதில் சொன்ன அனுபவத்தைத் தரும். முதுநிலைக்கோ வேலைக்கோ நேர்காணலுக்குப் போகும் முதல் தலைமுறை மாணவரிடம் பெரும்பாலும் இல்லாதது அந்த அனுபவம்தான்.

அரசு இதைச் செய்ய நாளாகலாம். அதுவரை பள்ளிகளால் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. பத்தாம் வகுப்பு முடிவில் எந்தக் குரூப் எந்த ஹானர்ஸுக்கு வழிவிடும் என்பது, பிளஸ் டூவின் ஆடி, ஆவணியிலேயே கிளாட் விண்ணப்பம், பொதுத்தேர்வுக்கு முன்பே சி.யு.இ.டி. விண்ணப்பம், கல்லூரி முதல் செமஸ்டரிலேயே அரியர் விதி, ஐந்தாம் செமஸ்டரில் கூடுதல் கிரெடிட் பதிவு. இந்த ஐந்து தேதிகளை ஒரு தாளில் அச்சிட்டு, ‘நான் முதல்வன்’ வழிகாட்டல் வகுப்பில் ஒவ்வொரு மாணவர் கையிலும் கொடுக்கலாம். விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் தலைமையாசிரியருக்கு இல்லை. அவற்றை உரிய காலத்தில் தெரிவிக்கும் அதிகாரம் இருக்கிறது. ஹானர்ஸ் பட்டத்தை இன்று வசதியுள்ளவர் வீட்டுச் சொத்தாக வைத்திருப்பதில் பெரும்பங்கு அந்தத் தகவலுக்கே என்பதால், அதைப் பரப்புவதே முதல் சீர்திருத்தம்.